தாய்ப்பறவை குஞ்சைக் கூட்டிலிருந்து தள்ளிவிட்டுத்தான் பறக்கப் பழக்குமா? யாராவது நேரில் பார்த்திருக்கிறீர்களா?

பார்த்திருக்கிறேன். தள்ளவில்லை.

"தாய்க்கழுகு குஞ்சைக் கீழே தள்ளும், பெற்றோரே நீங்களும் மனதைக் கல்லாக்கிக்கொள்ளுங்கள்" என்ற வாட்ஸாப் செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். பிள்ளையை எங்கேயோ சேர்க்கும் யோசனையில் இருப்பதால்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் பார்த்தது விராலடிப்பான், அதாவது ஆஸ்பிரே. கழுகு வேறு, இது வேறு குடும்பம் என்று யாராவது வருவீர்கள், தெரியும். கிட்டத்தட்ட மீனை மட்டுமே தின்று வாழும் வேட்டைப்பறவை இது. நம்மூர் ஏரிகளுக்குக் குளிர்காலத்தில் வந்து போகும், கூடு கட்டாது. எனக்கு வேலை இங்கிலாந்தில், லெஸ்டரில். அங்கிருந்து காரில் முக்கால் மணி நேரம் போனால் ரட்லண்ட் வாட்டர், 1970களில் அணை கட்டி உண்டாக்கிய பெரிய நீர்த்தேக்கம். அதில் மான்டன் விரிகுடாவில், தண்ணீரில் நட்ட கம்பத்தின் மேல் கூடு. பெண்ணுக்கு மாயா என்று பெயர். ஆணுக்குப் பெயர் கிடையாது. காலில் நீல வளையம், எண் 33.

ஒரு வருடம் ஏப்ரலில் ஆரம்பித்து செப்டம்பர் வரை, விடுமுறை கிடைத்த நாளெல்லாம் அங்கே போய் உட்கார்ந்தேன். மே மாதம் மூன்று குஞ்சு பொரிந்தது. ஆண் பறவை 33, மீனைப் பிடித்ததும் பக்கத்துக் கம்பத்தில் உட்கார்ந்து தலைப்பகுதியைத் தான் தின்றுவிட்டு, மீதியைக் கூட்டுக்குக் கொண்டுவரும். மாயா அதைக் காலால் மிதித்துக்கொண்டு நகக்கண் அளவுக்குப் பிய்த்து, கழுத்தைச் சாய்த்து, குஞ்சின் அலகுக்கு நேராக நீட்டும். குஞ்சு தவறவிட்டால் எடுத்து மறுபடி நீட்டும். மே கடைசியில் ஒருநாள் அடைமழை. இறக்கைகளைப் பாதி விரித்தபடி அப்படியே நின்றது. முதுகில் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கிறது, அடியில் மூன்று தலைகள். தொலைநோக்கியில் கண்ணை வைத்தவன் எடுக்கவில்லை.

ஜூன் முடிவில் குஞ்சுகள் கூட்டின் விளிம்பில் நின்று இறக்கை அடித்துப் பழகின. காற்று வந்தால் ஓர் அடி மேலே எழும், தொங்கும், பொத்தென்று விழும். ஜூலை முதல் வாரத்தில் பெரிய குஞ்சு அப்படி எழுந்தது, கூட்டில் இறங்கவில்லை. இரண்டு சுற்று வந்தது. இறங்கப் பார்த்துத் தாண்டிப் போய்விட்டது. மூன்றாவது தடவை குச்சிகளுக்கு நடுவே வந்து விழுந்தது. மாயா எட்ட உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். சிறிது நேரத்தில் ஆண் பறவை மீன் கொண்டுவந்தது. பறந்ததற்கும் கிடைத்தது, பறக்காத இரண்டுக்கும் கிடைத்தது.

ஆண் பறவை மீனோடு கூட்டைச் சுற்றி வருவது ஆசை காட்டத்தான் என்று சிலர் சொல்வார்கள். இருக்கட்டும். ஆசை காட்டுவதும் தள்ளுவதும் ஒன்றா?

இன்னொன்று. இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டிலேயே இந்தப் பறவை கூடு கட்டுவது அற்றுப்போய்விட்டது. 1996 முதல் ஸ்காட்லாந்திலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து, ரட்லண்டில் கூண்டில் வைத்து மனிதர்கள் மீன் போட்டு வளர்த்தார்கள். தள்ளிவிடத் தாயே கிடையாது. நாள் வந்ததும் கூண்டைத் திறந்தார்கள், பறந்தன. அப்புறமும் மீன் வைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். 2001இல் அங்கே முதல் குஞ்சு பொரிந்தது.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், இந்தக் கதையைச் சொல்லித்தான் பதினொரு வயதில் என்னை உறைவிடப் பள்ளியில் சேர்த்தார்கள். பள்ளி பெயர் வேண்டாம். தாளாளர் மேடையில் கழுகுக் கதை சொன்னார், அப்பா தலையாட்டினார். அப்பாவைக் குறை சொல்லவில்லை, அவருக்கு நல்லது என்று பட்டது. முதல் மாதம் அம்மா இரண்டு பஸ் மாறித் தூக்குவாளியில் மீன் குழம்பு கொண்டுவந்தார். வெளிச் சாப்பாடு அனுமதி இல்லையென்று வார்டன் வாசலிலேயே வாளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஹாஸ்டலில் படித்து நன்றாக வந்தவர்கள் இருக்கிறீர்கள், மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பறவையைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

கடைசியில் தாய் விட்டுவிட்டுத்தானே போகிறது என்பீர்கள். உண்மை. ஆகஸ்டில் மாயா முதலில் கிளம்பிவிட்டது. குஞ்சுகளும் பிறகு ஒவ்வொன்றாக, வழிகாட்ட யாருமில்லாமல், மேற்கு ஆப்பிரிக்கா வரைக்கும் தனியாகத்தான் போகின்றன. பல திரும்புவதில்லை. அதையும் மறைக்க மாட்டேன்.

ஆனால் செப்டம்பர் முதல் ஞாயிறு நான் போனபோது இரண்டு குஞ்சு கிளம்பிவிட்டிருந்தன. மூன்றாவது மட்டும் கூட்டில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது. பறக்கத் தெரிந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. 33 அதற்கு மீன் கொண்டுவந்து போட்டது.