கண்ணாடி போட்டவர் போர் விமானம் ஓட்டலாமா?

தம்பி, உயர்தரம் கணிதப் பிரிவு, ஒன்றரைப் பவர் கண்ணாடி, அப்பாவும் எதிர்ப்பு. போர் விமானி ஆசையை விட்டுவிடவா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதே விடவேண்டாம்.

கண்ணாடிப் பவர் எவ்வளவு வரை ஏற்பார்கள் என்பது நாட்டுக்கு நாடு வேறு. அதைவிடப் பெரிய தடை நிறக்குருடு. யாழ்ப்பாணத்திலேயே ஒரு கண் வைத்தியரிடம் இஷிஹாரா சோதனை செய்யுங்கள். புள்ளிகளுக்குள் எண் தேடும் அட்டைதான், சில நிமிட வேலை. அதற்கு முதல் கண்ணாடியைக் கழற்ற லேசர் சிகிச்சைக்கு ஓடாதீர்கள். எல்லாப் படையும் அதை ஒரே மாதிரி ஏற்பதில்லை.

அப்புறம், உயரம் மட்டுமல்ல, தொடையையும் அளப்பார்கள். சுவரோடு முதுகை ஒட்டி இருந்து முழங்கால் நுனிவரை அளந்து பாருங்கள். ஆபத்தில் இருக்கை விமானியோடு மேலே பாயும்போது முழங்கால் முன்பக்கம் அடிபடக்கூடாது.

உண்மையான சோதனை வயிற்றிலும் காலிலும்தான். 9 ஜி திருப்பத்தில், அதாவது புவியீர்ப்பைப்போல் ஒன்பது மடங்கு விசை அழுத்தும்போது, 60 கிலோ ஆளுக்கு 540 கிலோ பாரம். இரத்தம் காலுக்கு இறங்க, முதலில் நிறம் மங்கும், பார்வை ஒடுங்கும், பேந்து நினைவே போகும். அதனால் காலையும் வயிற்றையும் இறுக்கி, மூச்சைப் பிடித்து, மூன்று செக்கனுக்கு ஒருமுறை சட்டென்று மூச்சை மாற்றுவார்கள். வெறும் ஓட்டப் பயிற்சி போதாது, கால்களுக்குப் பாரம் தூக்குங்கள்.

அப்பாவோடு வாதாடாதீர்கள். போர்க்காலத்தில் கிபிர் குண்டுவீச்சு விமானத்தின் இரைச்சல் கேட்டுப் பதுங்குகுழிக்குள் ஓடிய தலைமுறை அவர். பலாலியில் இறங்கும் ஏடிஆர் பயணிகள் விமானத்தை ஓட்டவும் விமானி வேண்டும். அந்த மருத்துவச் சோதனையில் கண்ணாடி போட்டே தேறலாம். அதை அவரிடம் சொல்லிப் பாருங்கள்.