பூட்டிக் கிடக்கும் வீட்டின் சாவியை யாரிடம் கொடுப்பது?

கேள்வி: எங்களுக்கு இரண்டாவதாக ஒரு சிறிய வீடு இருக்கிறது. ஆண்டில் ஆறு வாரம்தான் அங்கே தங்குகிறோம். மற்ற நாட்களில் அது பூட்டியே கிடக்கிறது. சென்ற ஆண்டு என் தோழியின் குடும்பத்தார் பத்து நாள் தங்கிச் சென்றார்கள். பிறகு போய்ப் பார்த்தால் மெத்தையில் கறை. சமையலறைக் குழாயில் ஒழுக்கு. அவள் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது என் நாத்தனார் மகன் மூன்று மாதம் தங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்கிறான். “சும்மாதானே கிடக்கிறது, கொடுத்தால் என்ன?” என்கிறார் என் கணவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. மறுக்கவும் கூச்சமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை நான் பலமுறை படித்தேன். “அவள் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். குழாயை அரை நாளில் சரிசெய்துவிடலாம், மெத்தை உறையையும் மாற்றிவிடலாம். ஆனால் ஓராண்டாக நீங்கள் மனத்துக்குள் வைத்திருக்கும் அந்தக் கேள்விதான் இப்போது நாத்தனார் மகனுக்குப் பதில் சொல்லவிடாமல் உங்களைத் தடுக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் உங்கள் கணவரின் பக்கத்தைப் பார்ப்போம். பூட்டிய வீடு கெடும் என்பது உண்மைதான். தரைவடிகாலிலும் கழுவுதொட்டியின் அடியிலும் துர்நாற்றத்தைத் தடுத்து நிற்கும் சிறிதளவு நீர் சில வாரங்களில் வற்றிவிடும். அதன் பின் சாக்கடை வாயுவும் பூச்சிகளும் அவ்வழியே வீட்டுக்குள் வரத் தொடங்கும். காற்றோட்டம் இல்லாத அலமாரியில் பூஞ்சை படரும். 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரை வெப்பமுள்ள தேங்கிய நீரில் லெஜியோனெல்லா என்னும் பாக்டீரியா பெருகக்கூடும். அது கலந்த நுண்ணிய நீர்த்துளிகளைச் சுவாசிப்பவர்களுக்குக் கடுமையான நுரையீரல் அழற்சி வரலாம். ஆகவே, நெடுநாள் மூடியிருந்த வீட்டுக்கு யார் போனாலும், முதலில் சன்னல்களைத் திறந்துவிட்டு, ஒவ்வொரு குழாயையும் சில நிமிடங்கள் ஓடவிட வேண்டும். குளியலறைத் தூவலின் (ஷவரின்) தலையை ஒரு வாளி நீரில் அமிழ்த்தி, துளிகள் தெறிக்காதபடி திறந்துவிடுவது நல்லது. அவ்வப்போது மனிதர்கள் வந்து புழங்குவது வீட்டுக்கு நன்மையே. எனவே, எவருக்கும் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

யாருக்குக் கொடுப்பது என்பதற்கு என்னிடம் ஓர் அளவுகோல் உண்டு. “குழாய் ஒழுகுகிறதே, சரிசெய்துவிட்டுப் போங்கள்” என்று எவரிடம் உங்களால் தயக்கமின்றிச் சொல்ல முடியுமோ, அவருக்கே சாவியைக் கொடுங்கள். அவர் எவ்வளவு நல்லவர், எவ்வளவு நெருங்கியவர் என்பவை இதற்கு அடுத்தவைதான். நல்லவர்கள் வீட்டிலும் பொருள் உடையும். அதைச் சொல்லவும் கேட்கவும் முடிகிற உறவாக இருந்தால், உடைந்த பொருளோடு அந்த விஷயம் முடிந்துவிடும். முன்பின் அறியாதவர்கள்கூட விடுமுறைக் காலத்தில் தத்தம் வீடுகளை மாற்றிக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. 1953-இல் ஐரோப்பிய ஆசிரியர்கள் சிலர் தொடங்கிய இன்டர்வாக் என்ற அமைப்பு இன்றும் அதை நடத்துகிறது. எந்த அறை, எத்தனை நாள், எவற்றைத் தொடக்கூடாது என்பதையெல்லாம் முன்கூட்டியே பேசிவிடுவதால்தான் அந்நியர்களுக்கிடையே அது சாத்தியமாகிறது. நாமோ நெருங்கியவர்களிடம் அவற்றைப் பேசுவதையே அவமதிப்பாக எண்ணிவிடுகிறோம்.

நாத்தனார் மகனின் வேண்டுகோள் வேறு வகையானது. பத்து நாள் தங்குபவர் விருந்தினர். மூன்று மாதம் தங்குபவர் அங்கே குடியிருக்கிறார். இந்த வேறுபாட்டைச் சட்டமும் கவனிக்கிறது. ஓர் ஏற்பாடு வெறும் அனுமதியா, குத்தகையா என்பதைப் பத்திரத்தின் தலைப்பைக் கொண்டு மட்டும் தீர்மானிக்க முடியாது, அதன் உள்ளடக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1959-இலும், அப்போது இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை 1985-இலும் தீர்ப்பளித்திருக்கின்றன. வாடகை வாங்கிக்கொண்டு வீடு முழுவதையும் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, பிறகு “இவர் எங்கள் விருந்தினர்தான்” என்று சொல்வது எளிதில் எடுபடாது. அதனால் அவனிடம் வாடகை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. அவன் பயன்படுத்தும் மின்சாரத்துக்கும் நீருக்கும் மட்டும் பணம் தரட்டும். அவன் நுழையும் நாளிலும் வெளியேறும் நாளிலும் மீட்டர் அளவைக் குறித்துக்கொண்டால் கணக்கில் சச்சரவு வராது. உண்மையாகவே வருமானம் வேண்டுமென்றால், வழக்கறிஞரைக் கொண்டு முறையான ஒப்பந்தம் எழுதி வாடகைக்கே விட்டுவிடுங்கள். பாதி உறவு, பாதி வாடகை என்ற நிலைதான் இரண்டையும் கெடுக்கும்.

வாடகை இல்லாவிட்டாலும் எழுத்தில் ஒன்று இருக்கட்டும். வரும் நாள், போகும் நாள், உடன் தங்குபவர்கள், பழுது ஏற்பட்டால் யாரிடம் சொல்வது, யார் செலவு செய்வது ஆகியவை அரைப் பக்கத்தில் அடங்கும். இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளுங்கள். அந்த முகவரியை அடையாள ஆவணங்களுக்கோ வங்கிக் கணக்குக்கோ பயன்படுத்தக்கூடாது என்பதையும் அதில் சேர்த்துவிடுங்கள், ஏனெனில் பின்னாளில் தகராறு வந்தால் குடியிருப்புக்கான சான்றாக முதலில் காட்டப்படுவது அத்தகைய காகிதங்களே. ஒவ்வோர் அறையையும் கைப்பேசியில் படமெடுத்து, அவனுக்கும் அனுப்பிவையுங்கள்.

வீட்டுக் காப்பீடு இருந்தால் அதன் நிபந்தனைகளை இன்றே எடுத்துப் படியுங்கள். தொடர்ந்து 30 அல்லது 60 நாள் வீடு ஆளில்லாமல் இருந்தால் சில வகை இழப்புகளுக்கு ஈடு கிடையாது என்ற விதி பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. உரிமையாளர் அல்லாதவர் தங்கினால் முன்னரே தெரிவிக்க வேண்டும் என்ற விதியும் இருக்கலாம். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் சங்கத்தின் விதிகளையும் பார்த்துவிடுங்கள்.

இவற்றையெல்லாம் அந்தப் பிள்ளையிடம் யார் சொல்வது? உங்கள் கணவர்தான் சொல்ல வேண்டும். அவன் அவருடைய சகோதரியின் மகன். நீங்கள் சொன்னால் அண்ணியின் கண்டிப்பாக நாத்தனாருக்குத் தோன்றும். தாய்மாமன் சொன்னால் அது வீட்டுப் பெரியவரின் ஏற்பாடாகிவிடும். மூன்று மாதத்தை உடனே ஒப்புக்கொள்ளாமல், முதலில் ஒரு மாதம் கொடுத்து, அது முடியும்போது நீங்கள் இருவரும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு நீட்டிக்கலாம் என்று அவர் சொல்லட்டும். நிபந்தனைகளைப் பேசத் தம்மால் இயலாது என்று உங்கள் கணவரே தயங்கினால், என் அளவுகோலின்படி அந்த வீட்டை அவனுக்குக் கொடுக்கக்கூடாது. அப்போது, “அந்த மாதங்களில் எங்களுக்கே வீடு தேவைப்படலாம், மன்னித்துக்கொள்” என்று அவரே சொல்லிவிடுவது நல்லது.

இந்த வாரத்திலேயே உங்கள் தோழியையும் ஒருமுறை அழையுங்கள். “நீங்கள் இருந்தபோதே அந்தக் குழாய் ஒழுகியதா?” என்று இயல்பாகக் கேளுங்கள். அவர்கள் புறப்பட்ட பிறகு நீங்கள் போய்ச் சேர்வதற்குள் எத்தனை நாள் கடந்தன என்பதைக் கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. அந்த ஒழுக்கு அவள் போன பிறகு தொடங்கியதாகவும் இருக்கலாம்.