சொரியாசிஸ் அரிப்புக்கு செட்டிரிசின் ஏன் கேட்பதில்லை?

தேன்கனிக்கோட்டையில் இருக்கும் அப்பாவுக்கு சொரியாசிஸ் என்ற செதில்படைத் தோல் நோய், ஒவ்வாமை மாத்திரையான செட்டிரிசின் போட்டும் அரிப்பு அடங்கவில்லை, ரத்தப் பரிசோதனையில் காரணம் தெரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

செட்டிரிசின் தடுப்பது ஹிஸ்டமினை, அதாவது ஒவ்வாமையில் உடல் வெளியிடும் அரிப்பு ரசாயனத்தை. கொசுக்கடி, காணாக்கடி தடிப்புக்கு அது போதும். சொரியாசிஸில் ஹிஸ்டமினுக்குச் சின்ன வேஷம்தான். இங்கே ஆட்டிவைப்பவை சைட்டோகைன்கள், அதாவது நோய் எதிர்ப்பு செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் புரதச் சமிக்ஞைகள். இன்டர்லூக்கின்-23 என்ற சைட்டோகைன் தூண்ட, டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு செல்கள் இன்டர்லூக்கின்-17 என்ற இன்னொன்றைச் சுரக்கின்றன. தோல் செல்கள் அவசர அவசரமாகப் பெருகிச் செதிலாகின்றன. இன்டர்லூக்கின்-31 இன்னும் நேரடியானது: அதன் சமிக்ஞையை வாங்கிக்கொள்ளும் ஏற்பி அரிப்பு நரம்புகளிலேயே இருக்கிறது. போதாததற்கு, தோல் படையில் நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதமும் கூடுகிறது. அதனால் நரம்பு முனைகள் சட்டென்று உசுப்பப்படுகின்றன.

சரி, ரத்தத்தில் இவற்றை அளக்கலாமா? ஆய்வுகளில் அளக்கிறார்கள். ஆனால் சண்டை நடப்பது தோலில். ரத்த அளவை வைத்து ஒருவருக்கு எவ்வளவு அரிக்கும் என்று சொல்ல முடியாது. அந்தச் செலவு வேண்டாம் என்பேன்.

இன்டர்லூக்கின்-17ஐத் தடுக்கும் செகுகினுமாப் ஊசி (அமெரிக்காவில் 2015இல் அனுமதி) அரிப்பையும் நன்றாகக் குறைக்கிறது. விலைதான் இடிக்கும், போடும் முன் காசநோய்ப் பரிசோதனையும் அவசியம். எல்லோருக்கும் ஊசி தேவைப்படாது. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் மருத்துவரைப் பாருங்கள். அதுவரை, மார்கழிக் குளிரில் வெந்நீரைக் குறைத்து, குளித்த ஈரத்தோடு வாசலின் தடவச் சொல்லுங்கள். சொறிய விடாதீர்கள், சொறிந்த இடத்தில் புதுப்படை கிளம்பும்.