தேறினால்தான் படிப்பு முடிந்ததா?

கேள்வி: பள்ளியை முடிக்கத் தேர்வில் தேறியாக வேண்டும் என்ற விதியை அமெரிக்க மாநிலங்கள் சில கைவிட்டிருக்கின்றனவாம். நம் பத்தாம் வகுப்புக்கும் அப்படிச் செய்தால் என்ன?
- வாசகி, பாம்பன்

பதில்: உண்மைதான். கலிபோர்னியா 2015இல் அந்தத் தேர்வை நிறுத்தி, 2017இல் அடியோடு நீக்கியது. மாசசூசெட்ஸில் 2024 நவம்பரில் மக்களே வாக்களித்து அந்த விதியை எடுத்தார்கள். ஆனால் அங்கே, நான்காண்டுப் பாடங்களுக்கு ஆசிரியர்கள் இட்ட மதிப்பீடு இருக்கிறது. நம்மிடமோ, அறிவியல் செய்முறைக்கான 25 மதிப்பெண் நீங்கலாக, எல்லாம் அந்த ஒரு பொதுத்தேர்வின் விடைத்தாளில்தான். மாற்று அளவுகோல் இல்லாமல் விதியை மட்டும் நீக்கினால் சான்றிதழுக்கு மதிப்பிராது. கீழக்கரை, தொண்டிப் பக்கத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பத்தாவது தேறாதவரின் பாஸ்போர்ட்டில் பெரும்பாலும் குடியேற்றச் சோதனை தேவை என்ற குறிப்பு விழுந்துவிடும், வளைகுடா வேலைக்குக் கிளம்பும்போது தனி அனுமதிக்கு அலைய நேரும்.

ஆகவே இப்போதைக்குத் தேர்வு இருக்கட்டும் என்பதே என் கருத்து. நம் கடற்கரையில் மாற வேண்டியது துணைத்தேர்வின் காலம். ஏப்ரல் 15இல் தொடங்கும் மீன்பிடித் தடைக்காலம் 61 நாள்கள் நீடித்து ஜூன் 14இல் முடிகிறது. தேர்வு முடிவு மே மாதத்தில் வருகிறது. துணைத்தேர்வோ ஜூன் இறுதியில் அல்லது ஜூலைத் தொடக்கத்தில். நான்கு பாடங்களில் தேறி, கணக்கில் மட்டும் 35க்குப் பதில் 31 வாங்கிய பையன், விசைப்படகுகள் கரையில் நிற்கும்வரை வீட்டில்தான் இருக்கிறான். தடை நீங்கி, படகுக்கு ஆள் தேடும் நேரத்தில் அவனுக்கு நுழைவுச்சீட்டு வருகிறது. அன்றாடக் கூலி கைக்கு வரும்போது தேர்வு மையத்துக்குப் போ என்று எந்தத் தாய் வற்புறுத்துவார்? முடிவு வந்த மறுநாளே கணக்குக்குச் சிறப்பு வகுப்பு தொடங்கி, ஜூன் 14க்குள் துணைத்தேர்வை முடித்துவிட்டால் அவர்களில் பலர் தேறுவார்கள். விடைத்தாள் திருத்துவோருக்கு நெருக்கடிதான், இருந்தாலும் செய்யலாம்.

கேள்வி: 2020இல் தேர்வே இல்லாமல் எல்லோரும் தேர்ச்சி பெற்றார்களே?
- வாசகர், மண்டபம்

பதில்: பெற்றார்கள். காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு 80 விழுக்காடு, வருகைக்கு 20 விழுக்காடு என்று கொரோனா ஆண்டில் கணக்கிட்டார்கள். ஆனால் அந்தத் தாள்களைத் திருத்தியபோது அவைதான் இறுதி மதிப்பெண்ணாகும் என்று ஆசிரியர் எவரும் அறிந்திருக்கவில்லை. முன்கூட்டியே தெரிந்தால் கை தாராளமாகிவிடும். அந்த முறை நிலையாக வர வேண்டுமென்றால், ஒரு பள்ளியின் அரையாண்டுத் தாளை வேறு பள்ளி ஆசிரியர் திருத்தும் ஏற்பாடு முதலில் வர வேண்டும்.