அத்தை ஏன் கப்பலேறவில்லை?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அப்பாவின் அக்கா கடந்த தை மாதம் காலமானார். திருமணம் செய்துகொள்ளாமல், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்தெடுத்துக் கடைசிவரை தனியாகவே வாழ்ந்தவர். 1972-இல் பாட்டியும் பெரியப்பா குடும்பமும் இந்தியாவுக்குக் கப்பலேறியபோது இவர் மட்டும் போக மறுத்துவிட்டாராம். அப்பா அப்போதே மணமுடித்து வேறு தோட்டத்தில் இருந்தார். அத்தையின் தகரப்பெட்டியில் பெரியப்பாவின் கடிதங்கள், பாட்டி இறந்த தந்தி, குடியுரிமைத் தாள்கள், அடகுச் சீட்டுகள், சம்பளத் துண்டுகள், ஒரு சீட்டுக் கொப்பி, யாரென்று தெரியாத ஓர் ஆணின் புகைப்படம் எல்லாம் இருக்கின்றன. "அந்த ஆளுக்காகத்தான் பெற்ற தாயை விட்டாள்" என்று சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள். பெட்டியை எரித்துவிடலாம் என்கிறார் அப்பா. கடிதங்களை எல்லாம் படித்தேன், பதில் கிடைக்கவில்லை. சில தாள்களின் பிரதிகளை இணைத்திருக்கிறேன். நான் என்ன செய்வது?
— வாசகி, ஹட்டன்

பதில்: எரிக்க விடாதீர்கள் மகளே. மற்றதை எல்லாம் பிறகு பேசலாம்.

கடிதங்களில் பதில் இல்லை என்கிறீர்கள். இருக்காது. ஆசிரியை ஆவதற்கு முன்பு, பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்த காலத்தில், எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பாதிப் பேருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்ததும் வந்ததை வாசித்துக் காட்டியதும் நான்தான். இஸ்தோப்பில், அதாவது வீட்டு முன்திண்ணையில், உட்கார்ந்து ஒருவர் சொல்லச் சொல்ல எழுதுவேன். பக்கத்து வீட்டார் சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். அப்படி எழுதும் கடிதத்தில் யார் மனதில் உள்ளதைச் சொல்வார்கள்? நலம், நலமறிய ஆவல், யாருக்குப் பிள்ளை பிறந்தது, யார் போய்ச் சேர்ந்தார், அடுத்து வருகிறவரிடம் சவர்க்காரமும் கிராம்பும் கொடுத்தனுப்பு. அந்தரங்கமான செய்தி ஆள் மூலம், வாய்வழியாகத்தான் போகும். நீங்கள் அனுப்பிய நான்கு கடிதங்களிலேயே மூன்று விதமான கையெழுத்து தெரிகிறது. பெரியப்பாவும் யாரையோ பிடித்து எழுத வைத்திருக்கிறார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பெட்டியில் உள்ள கடிதங்கள் எல்லாம் அத்தைக்கு வந்தவை. அவர் அனுப்பியவை அக்கரையில் இருக்கின்றன. முதல் கடிதத்தில், கப்பலில் போனவர்கள் முதலில் தங்கிய மண்டபம் முகாமின் முகவரி, பிறகு நீலகிரியில் உள்ள கோத்தகிரி. தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாட்டு அரசு 1968 முதல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. நம்மவர்கள் பலர் அங்கேதான் மறுபடியும் கூடை தூக்கினார்கள். பெரியப்பாவின் பிள்ளைகளிடம் கேளுங்கள். அவர்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருக்கக்கூடும்.

அத்தையின் சொந்தக் குரல் வேண்டுமென்றால், நீங்கள் ஒதுக்கி வைத்திருக்கும் துண்டுத் தாள்களை எடுங்கள். குடியுரிமை விண்ணப்பத்தின் பிரதியில் இருப்பது கைநாட்டு. பிந்திய ஆண்டுகளின் சேமலாப நிதிப் படிவத்தில் கோணல்மாணலாக, ஆனால் முழுப்பெயராக, கையெழுத்து. இடைப்பட்ட காலத்தில் எழுதக் கற்றிருக்கிறார்! கொழுந்தெடுத்து, விறகு பொறுக்கி, ஒற்றை ஆளாக உலை வைத்துக்கொண்டு எங்கே, யாரிடம் கற்றார்? உங்கள் அப்பாவிடம் முதலில் இதைத்தான் கேட்பேன்.

சீட்டுக் கொப்பியும் அதே கையெழுத்துதான், ஒப்பிட்டுப் பார்த்தேன். மாதாமாதம் பெண்களின் பெயர்கள், கொடுத்த தொகை, எடுத்த மாதம். அடித்தல் திருத்தல் மிகக் குறைவு. தோட்டத்தில் யாரை நம்பிச் சீட்டுப் பணத்தைக் கொடுப்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும். கணவனோ தகப்பனோ போய்ச் சம்பளத்தை வாங்கி வருவது வழக்கமாக இருந்த காலத்தில், தன் சம்பளத்தைத் தானே கைநீட்டி வாங்கி, பிற பெண்களின் காசையும் காத்துக் கொடுத்திருக்கிறார் அத்தை. தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்சம்பளம் சமமாக்கப்பட்டது 1984-இல்தான். அந்த ஆண்டின் சம்பளத் துண்டை மட்டும் அவர் தனியாகத் துணியில் சுற்றி வைத்திருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதை வாசித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடகுச் சீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்குங்கள். ஒரே சோடிக் காப்பு திரும்பத் திரும்பப் போயிருக்கிறது, ஒவ்வொரு முறையும் மீண்டிருக்கிறது. முதல் சீட்டு 1974. தோட்டங்களில் பட்டினியால் மனிதர்கள் செத்த காலம் அது, வேறு விளக்கம் தேவையில்லை. அடுத்தது 1978. பாட்டி இறந்த தந்தியின் தேதியைப் பாருங்கள், மூன்றாம் நாள் காப்பு அடகுக்குப் போயிருக்கிறது. எதற்கென்று சீட்டில் எழுதியிருக்காது. தாய்க்குக் கருமாதி அத்தையின் வீட்டில் நடந்ததா, செலவை யார் பார்த்தார்கள் என்று உங்கள் அப்பாவுக்கு நினைவிருக்கும். தாயை விட்டவள் என்று பேசுகிறவர்கள் முன்னால் அந்தத் தந்தியையும் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

போகாததற்குக் காரணம் கேட்கிறீர்கள். 1948 குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழரான நம் மக்களை நாடற்றவர்களாக்கியது. இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 ஒப்பந்தம் நம்மைக் கேட்காமலே 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரின் கதி 1974 வரை தொங்கிக் கிடந்தது. ஆனால் இந்தியாவுக்குப் போக விண்ணப்பித்தவர்கள் அந்த 5,25,000-ஐ எட்டவே இல்லை. இங்கேயே இருக்க வேண்டும் என்று நினைத்தவர்கள் ஏராளம். ஓர் ஆண் நின்றால் மண்ணை விட மனமில்லை என்றார்கள். ஒரு பெண் நின்றால் மட்டும் யாருக்காக என்று கேட்டார்கள். இது எனக்குக் கோபமூட்டுகிறது. உங்கள் அத்தை தன் பெயரில், தனியாக விண்ணப்பித்து, இந்த நாட்டின் பிரஜை என்ற தாளை வாங்கியிருக்கிறார். அதுவே ஒரு பதில்தான்.

புகைப்படத்தைப் பற்றி நான் ஊகிக்க மாட்டேன். நீங்களும் ஊகிக்காதீர்கள். ஒரு தாளுறையில் போட்டு, எங்கே, எதற்கிடையே இருந்தது என்று குறித்து வையுங்கள். சீட்டுக் கொப்பியில் உள்ள பெண்களில் சிலர் இன்றும் அதே தோட்டத்தில் இருப்பார்கள். அவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லாவிட்டால் வற்புறுத்த வேண்டாம்.

கேள்வி: தாள்களில் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. வெயிலில் காய வைக்கலாமா?
— அதே வாசகி

பதில்: வேண்டாம். வெயிலில் மை வெளுத்துவிடும், தாளும் நொறுங்கும். காற்றோட்டமான நிழலில் பரப்பி நன்றாக உலர்ந்தபின், வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு, மென்மையான தூரிகையால் வெளியே வைத்துத் தட்டிவிடுங்கள். துருப்பிடித்த குண்டூசிகளைக் கழற்றுங்கள். கிழிந்த இடத்தில் ஒட்டுநாடா ஒட்டாதீர்கள், லாமினேட் செய்யவே கூடாது. பொலித்தீன் பை நம் மலைக் குளிரில் உள்ளே வியர்க்கும். பருத்தித் துணியில் சுற்றிப் பெட்டியைப் பலகை மேல் வையுங்கள், சிமெண்டுத் தரையில் அல்ல. கடிதங்களை உறையோடு, முன்னும் பின்னும் படமெடுங்கள். தபால் முத்திரைத் தேதி சில சமயம் உறையில் மட்டும்தான் இருக்கும். எண் போடுவதானால் பென்சிலால் போடுங்கள்.

கொடுக்க மனம் வந்தால், இலங்கைத் தமிழ் ஆவணங்களை எண்ணிம வடிவில் சேகரிக்கும் நூலகம் நிறுவனம் இருக்கிறது. கம்பளைப் பக்கம் பழைய லயத்திலேயே அமைந்த தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமும் இருக்கிறது. பிரதிகளைக் கொடுங்கள், மூலம் உங்களிடமே இருக்கட்டும். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் கோத்தகிரிக்குத் தொலைபேசி எடுங்கள். அங்கே பெரியம்மா இன்னும் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கப்பலேறிய அன்று அத்தை தலைமன்னார் வரை வந்தாரா, ஹட்டன் ஸ்டேசனிலேயே நின்றுவிட்டாரா, என்ன சொல்லி வழியனுப்பினார் என்று அவரிடம் இந்த மாதமே கேட்டுவிடுங்கள்.