குறுக்குத்துறையில் நீந்திப் பழகிய பெண் வாட்டர் போலோவில் எவ்வளவு தூரம் போகலாம்?

எட்டாவது படிக்கும் மகள் தாமிரபரணியில் நன்றாக நீந்துகிறாள், நீந்தியபடியே பந்தை எறிந்து கோல் போடும் இந்த ஆட்டத்தில் சர்வதேச அளவில் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவின் மேகி ஸ்டெஃபன்ஸைப் பாருங்கள்.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் அவருக்கு வயது 19. ஹங்கேரிக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே 7 கோல், மொத்தம் 21. தங்கம். அப்புறம் கேப்டனாக ரியோ, டோக்கியோ இரண்டிலும் தங்கம். 2024 பாரிஸில் மட்டும் நான்காம் இடம். பெண்கள் வாட்டர் போலோ ஒலிம்பிக்கில் சேர்ந்ததே 2000-இல்தான். ஆண்கள் 1900-இலிருந்து ஆடுகிறார்கள். நியாயமா சொல்லுங்கள்!

சரி, ஆற்று நீச்சல் போதுமா? மூச்சுப்பிடிப்புக்கு உதவும். ஆனால் இந்த ஆட்டத்தில் எட்டு நிமிடம் வீதம் நான்கு கால்பகுதி. கோல்கீப்பர் தவிர மற்றவர்கள் தரையில் கால் ஊன்றக்கூடாது, ஒரு கையால்தான் பந்தைத் தொடலாம். இடுப்பை நிமிர்த்தி மிதக்க, இரண்டு காலையும் மத்து கடைவதுபோல் மாறி மாறிச் சுழற்ற வேண்டும். குறுக்குத்துறைப் படித்துறையில் இது வராது. ஆழமான நீச்சல்குளமும் பயிற்சியாளரும் வேண்டும். முதலில் அந்தக் கால்சுழற்சியைப் பழக்குங்கள், பந்து பிறகு.