உப்பில்லாத சோறு: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். கல்லூரி முடித்து ஒரு வருடம் ஆகிறது. 'ஓஸ் மந்திரவாதி' என்ற அமெரிக்கக் குழந்தைகள் கதையை ஜாம்பிக் கதையாக மாற்றி, வடசென்னையில் நடப்பதுபோல எழுதிக்கொண்டிருக்கிறேன். காசிமேட்டில் கரையேற்றி வைத்த ஃபைபர் போட்டில் தூங்கும் துர்காவைப் புயல் போட்டோடு தூக்கிப்போய் வேறொரு சென்னையில் போடுகிறது. போட் விழுந்து ஒரு கந்துவட்டிக்காரி சாகிறாள். அவளுடைய சிவப்புச் செருப்பு துர்காவுக்குக் கிடைக்கிறது. கொடுங்கையூர் குப்பைமேட்டிலிருந்து ஜாம்பிகள் எழுந்து வருகின்றன. துர்கா, வைக்கோல் பொம்மை, தகர மனிதன், சிங்கம் நாலு பேரும் மெட்ரோ தண்டவாளத்தைப் பிடித்துத் தெற்கே தப்பித்து, ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த ஓ.எம்.ஆரில் இருக்கும் மரகத நகரத்துக்குப் போகிறார்கள். தகர மனிதன்தான் மாஸ். ஜாம்பி கடித்தால் ஜாம்பிக்குத்தான் பல் போகும்.

குழந்தைகள் கதையைக் கெடுக்கிறாய் என்கிறான் என் நண்பன். கெடுக்கிறேனா? ஜாம்பிக்கு 'நடைப்பிணம்' என்று எழுதலாமா? ஜாம்பிகள் மெட்ராஸ் பாஷை பேசலாமா? மூன்று அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன். பெயர் வெளியிட வேண்டாம்.

க.

*

தம்பி,

வியாசர்பாடியில் வளர்ந்தவள் நான், உன்னை 'நீங்கள்' என்று எழுத எனக்கு வராது. நடைப்பிணம் என்ற சொல்லை உன் கடிதத்தில் பார்த்ததும் கையிலிருந்த வேலையைத் தள்ளிவைத்துவிட்டேன். போன மாதம் அம்மாவுக்கு வருடாந்திரம் முடிந்ததிலிருந்து அந்தச் சொல்தான் மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது.

உன் நண்பனை விடு. கதை ஒன்றும் கண்ணாடி டம்ளர் இல்லை, நீ கைவைத்ததும் உடைவதற்கு. மெட்ராஸ் பாஷை விஷயத்தில்தான் கோபம் வருகிறது. துர்கா பாடப்புத்தகத் தமிழ் பேசுகிறாள், பிணங்கள் மட்டும் 'இன்னா', 'கய்தே' என்று உறுமுகின்றன. உங்கள் வீட்டில் உன் அம்மா என்ன பாஷை பேசுகிறார்? அவரை உட்கார வைத்து இந்த அத்தியாயத்தைச் சத்தமாகப் படித்துக்காட்டு, பார்ப்போம்.

எழுத வருகிறது உனக்கு. வலைக்குள் சுருண்டு தூங்கும் பெண்ணோடு போட் மேலே போகும்போது கீழே காசிமேட்டு விளக்குகள் சின்னதாகிக்கொண்டே போகிற பத்தியை இரண்டு தடவை படித்தேன். அப்புறம் கொடுங்கையூர் வந்தது.

ஏன் கொடுங்கையூர்? அந்த மேட்டில் கிடப்பது யார் வீட்டுக் குப்பை? அண்ணா நகர்க் குப்பையும் அங்கேதான் வந்து விழுகிறது. சினிமாக்காரர்கள்தான் கத்தியும் அரிவாளும் வேண்டுமென்றால் நம் பக்கம் கேமராவைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்றால், இங்கேயே பிறந்த நீயும் வியாதி கிளம்புவதற்கு நம் ஊரையும், பிழைத்துப்போவதற்கு ஓ.எம்.ஆரையும் வைத்திருக்கிறாய். பெருங்குடியிலும் ஒரு குப்பைமேடு இருக்கிறது, தெரியுமா? உன் மரகத நகரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து ஒரே ஒரு பிணம்கூட எழுந்திருக்கவில்லை! மரகத நகரம் என்று பெயர் வைத்தாயே, மூலக்கதையில் அந்த நகரத்துக்குள் நுழைகிற எல்லோருக்கும் பச்சைக் கண்ணாடி மாட்டிப் பூட்டிவிடுவார்கள். அதனால்தான் எல்லாம் பச்சையாகத் தெரியும். ஊர் பச்சை கிடையாது. இதை நீ ஏன் எடுத்துக்கொள்ளவில்லை?

ஏன் என்று எனக்குத் தெரியும். நீ புத்தகத்தைப் படிக்கவில்லை. சிவப்புச் செருப்பு காட்டிக்கொடுத்துவிட்டது. சிவப்பு 1939இல் வந்த படத்தில்தான். கலர் படத்தில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று மாற்றினார்கள். 1900இல் எல். ஃபிராங்க் பாம் எழுதிய மூலப் புத்தகத்தில் அது வெள்ளிச் செருப்பு. செருப்பு என்ன நிறமாக இருந்தால் என்ன என்று கேட்பாய். செருப்போடு நின்றிருந்தால் நானும் விட்டிருப்பேன். அந்தப் படம் தகர மனிதனின் பூர்வகதையையே சொல்லாமல் விட்டுவிட்டது. அதனால்தான் உன் கதையில் அவன் வெறும் கவசம் போட்ட அடியாளாக நிற்கிறான்.

புத்தகத்தில் அவன் ரத்தமும் சதையுமான மரவெட்டி. ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறான். அது பிடிக்காத கிழவி ஒருத்தி, இரண்டு ஆடும் ஒரு மாடும் தருவதாகச் சொல்லிக் கிழக்குத் திசைச் சூனியக்காரியிடம் போகிறாள். சூனியக்காரி அவன் கோடாலிக்கே மந்திரம் போட்டுவிடுகிறாள். வேலை செய்துகொண்டிருக்கும்போது கோடாலி வழுக்கி ஒரு காலை எடுக்கிறது. தகரக் கொல்லன் ஒரு தகரக் கால் செய்து மாட்டுகிறான். அடுத்த கால், கைகள், தலை. ஒவ்வொரு தடவையும் தகரத்தை மாட்டிக்கொண்டு திரும்ப வேலைக்கே போகிறான், தம்பி. அதே கோடாலியோடு. கடைசியில் உடம்பு இரண்டாகப் பிளந்து இதயமும் போய்விட, அந்தப் பெண்மேல் இருந்த பிரியமும் போய்விடுகிறது. மனவேதனையும் கெட்ட கனவும் இல்லாத கதையாக எழுதியிருக்கிறேன் என்று முன்னுரையில் சொல்லியிருக்கிறார் பாம். நல்ல ஆள்!

என் அப்பா தகரப் பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டினார். பெயிண்ட் டப்பா மூடி அடிக்கிற வேலை, பீஸ் ரேட், எண்ணிக்கைக்குத்தான் கூலி. தகரத்தை வெட்டுகிற டைக்கு முன்னால் கை உள்ளே போகாமல் இருக்க ஒரு தடுப்பு இருக்கும். அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஓட்டுவார்கள், இல்லாவிட்டால் எண்ணிக்கை தேறாது. நான் நான்காவது படிக்கும்போது வலது ஆள்காட்டி விரல் போனது. கட்டு பிரித்ததும் அதே மிஷினுக்குப் போனார். ஏழாவது படிக்கும்போது நடுவிரலும் போனது. 1923ஆம் வருடத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் பின்னால் ஒரு பட்டியல் இருந்தது, எடுத்துப் பார். கட்டைவிரல் முழுசாகப் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போனதாகக் கணக்கு. ஆள்காட்டி விரலுக்கு 14, நடுவிரலுக்கு 12. எங்கள் அப்பா 26 சதவீதம் தகரம். அந்தக் கணக்கெல்லாம் சட்டப் புத்தகத்தில்தான். பட்டறையில் அவர் பெயருக்குத் தொழிலாளர் காப்பீட்டுக்கான இ.எஸ்.ஐ. கார்டுகூடப் போடவில்லை.

சரி, ஜாம்பிக்கு வருகிறேன். மனுஷ மாமிசம் தின்னும் பிணக்கூட்டம் என்பதெல்லாம் 1968இல் அமெரிக்க இயக்குநர் ரொமேரோ எடுத்த படத்துக்குப் பிறகு நிலைத்தது. அந்தப் படத்தில் ஜாம்பி என்ற சொல்லே வராது. ஜாம்பியின் சொந்த ஊர் கரீபியன் கடலில் இருக்கும் ஹைட்டி. பிரெஞ்சுக்காரர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்களைப் பிடித்துவந்து அங்கே கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாகப் போட்டார்கள். 1791இல் அடிமைகள் கலகம் செய்து, 1804இல் சுதந்திர நாடே அமைத்துவிட்டார்கள். அந்த ஊர்ப் பழைய ஜாம்பி யாரையும் கடிக்காது. அது வேலை செய்யும். செத்தவனை மந்திரவாதி எழுப்பி, சுயநினைவு இல்லாமல் வயலில் இறக்கிவிடுவான். செத்தாலாவது ஓய்வு கிடைக்கும் என்று நினைத்திருந்தவர்களுக்கு, செத்த பிறகும் வேலை என்பதைவிடப் பயங்கரம் என்ன இருக்க முடியும்? அந்த ஊரில் ஜாம்பி கடிக்கும் என்று யாரும் பயப்படவில்லை. தான் ஜாம்பி ஆகிவிடுவோமோ என்றுதான் பயந்தார்கள்.

இப்போது நீ நிமிர்ந்து உட்கார வேண்டிய இடம். ஜாம்பிக்கு உப்புக் கொடுக்கக் கூடாது என்பது ஹைட்டியில் நம்பிக்கை. நாக்கில் உப்புப் பட்டால் அதற்கு நினைவு வந்துவிடும். 1929இல் வெளியான ஒரு பயண நூலில் இப்படி ஒரு கதை இருக்கிறது. கரும்புக் காட்டு ஜாம்பிகளைப் பார்த்துப் பரிதாபப்பட்டு ஒரு பெண் திருவிழாவுக்குக் கூட்டிப்போய் மிட்டாய் வாங்கித் தருகிறாள். மிட்டாயில் இருந்த பருப்பில் உப்பு. நம்ம கடலை மிட்டாய் மாதிரி ஒன்று என்று நான் நினைத்துக்கொள்வேன். தின்றதும் தாங்கள் செத்தவர்கள் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. கதறிக்கொண்டே சொந்த ஊரை நோக்கி நடக்க ஆரம்பிக்கிறார்கள், அவரவர் குழியைத் தேடி.

'உப்புப் போட்டுத்தானே சோறு துன்ற?' என்று நம் தெருவில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்கிறோம்! உப்புத் தின்றால் சொரணை வரும் என்று ஹைட்டிக்காரனுக்கு யார் சொன்னது? நமக்கு யார் சொன்னது?

இரண்டாவது விரல் போன பிறகு அப்பா மூன்று வாரம் வேலைக்குப் போகவில்லை. திண்ணையில் உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். கூப்பிட்டால் வருவார், போட்டால் சாப்பிடுவார். 'நடைப்பிணமா ஆய்ட்டாரே உங்கொப்பா' என்று பக்கத்து வீட்டு ஆயா சொன்னபோதுதான் அந்தச் சொல்லை முதலில் கேட்டேன். தமிழில் உயிரோடு இருக்கிறவர்களைத்தானே அப்படிச் சொல்கிறோம்? நீ கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். தாராளமாக எழுது. ஆனால் பல்லை நீட்டிக்கொண்டு ஓடிவருவதற்கு அந்தச் சொல்லைக் கொடுத்தால் அப்புறம் நான் உன்னோடு பேச மாட்டேன்.

ஒருநாள் ராத்திரி அம்மா குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டாள். கவலை. நானும் தம்பியும் ஒரு வாய் வைத்ததும் துப்பிவிட்டோம். அப்பா இடது கையால் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். தட்டு காலியாகும் வரைக்கும். அம்மா எங்களை அதட்டவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்துபோய் உப்பு ஜாடியை எடுத்துவந்து அவர் தட்டு ஓரத்தில் ஒரு கைப்பிடி வைத்தாள். அவர் அதையும் தொடவில்லை.

மறுநாள் காலையில் அம்மா தனியாகப் பட்டறைக்குப் போனாள். அங்கே என்ன பேசினாள், எவ்வளவு கத்தினாள் என்று கடைசிவரைக்கும் சொல்லவே இல்லை. மத்தியானம் 400 ரூபாயும் அப்பாவின் டிபன் பாக்ஸுமாகத் திரும்பி வந்தாள். விரல் போன அன்றைக்குக் கொண்டுபோன டிபன் பாக்ஸ், மூன்று வாரமாகக் கழுவாமல் அங்கேயே கிடந்திருக்கிறது. அதை அவள் திறந்தபோது அடித்த வாடையில்தான் அப்பா முகத்தைச் சுளித்தார். அம்மா சிரித்துவிட்டாள். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று நாங்கள் பயந்துபோனோம்.

என்ன கேட்டிருந்தாய்? ஆமாம், கெடுக்கிறேனா என்று. கந்துவட்டிக்காரி மேல் போட் விழுகிற இடத்தில் நீ கெடுக்கவில்லை, தெரியாமலேயே சரியாகப் பிடித்திருக்கிறாய். புத்தகத்தில் வீடு விழுந்து சாகிற அந்தக் கிழக்குச் சூனியக்காரி மன்ச்கின் மக்களை ராப்பகலாக அடிமை வேலை வாங்கியவள். அவள் செத்ததும் அவர்களுக்கு விடுதலை. உன் கதையில் அவளிடம் கடன்பட்டவர்கள் எங்கே? நோட்டில் கைநாட்டு வைத்தவர்கள் எங்கே போனார்கள்? அவர்களைத் தேடிப் பிடி, உன் ஜாம்பிகள் கிடைத்துவிடுவார்கள். உன் தண்டையார்பேட்டை மெட்ரோ ஸ்டேஷனே நிலத்துக்கு அடியில்தான் இருக்கிறது. சுரங்கத்தை வைத்துக்கொண்டு எல்லோரையும் ஏன் வெயிலில் ஓடவிடுகிறாய்?

மூலப் புத்தகத்துக்குக் காப்புரிமை முடிந்து பல காலம் ஆகிறது, இணையத்தில் சும்மாவே கிடைக்கும். ஐந்தாம் அத்தியாயத்தை மட்டுமாவது இன்றைக்கே படி. அதற்கு அடுத்ததில் தகர மனிதன் தெரியாமல் ஒரு வண்டை மிதித்துவிட்டு அழுவான், அழுத கண்ணீரில் தாடை துருப்பிடித்து வாய் திறக்க முடியாமல் நிற்பான். அதையும் படி. படித்துவிட்டு மூன்றாம் அத்தியாயத்தைத் திருப்பி எழுதி அனுப்பு. அவனுக்கு எந்தக் கையில் எந்த விரல் முதலில் போனது என்று எழுதியிருக்க வேண்டும்.

பி.கு. செருப்பு வெள்ளி.